உயிரணுக்களின் பிணைப்பும் அந்தமான் காய்ச்சலும்

அந்தமான் தீவுகளின் வடகோடியில், 732 மீட்டர் உயர்ந்து நிற்கும் சாடில் பீக் சிகரத்தை அடுத்து அமைந்துள்ளது டிக்லிப்பூர் வட்டாரம். நெல் வயல்களும் காட்டோரக் குடியிருப்புகளும் மலிந்த அவ்வட்டாரத்தில் 1988-ஆம் ஆண்டில் இனந்தெரியாத காய்ச்சல் ஒன்று தோன்றியது. தலைவலியும் உடல்வலியுமாகத் தொடங்கிய அக்காய்ச்சல், சிலருக்குச் சில நாட்களில் இருமலாகி, இருமலில் இரத்தங் கண்டு, மூச்சுத் திணறலில் முடிந்தது. பின்வந்த ஆண்டுகளிலும் மழைக்காலத்தை ஒட்டி அது மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று. காரணம் புலப்படாமையால், இடத்தின் பெயரையும் அறிகுறியின் பெயரையும் சேர்த்து 'அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்' என்றே அதனை வழங்கலாயினர். 1993-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் கண்ட நோய்ப் பரவலை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983-இல் போர்ட் பிளேரில் நிறுவிய வட்டார ஆராய்ச்சி நிலையத்தார் துருவி ஆராய்ந்தனர். அதன் பின்னரே, இது புதிய நோயன்று, தமிழ்நாட்டில் எலிக்காய்ச்சல் என்று வழங்கும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயே என்பது வெளிப்பட்டது. எஸ். சி. செகலும் அவருடைய துணைவர்களும் 1995-இல் இம்முடிவை வெளியிட்டனர்.

இதில் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. இந்நோய் இத்தீவுகளுக்குப் புதிதன்று. போர்ட் பிளேரில் காணும் காமாலையைப் பற்றிச் சௌத்ரி என்பவர் 1903-ஆம் ஆண்டிலேயே 'இந்தியன் மெடிகல் கெஜட்' இதழில் எழுதினார். 1911-இல் உல்லி என்பவரும் அதே பொருள் பற்றி எழுதினார். 1915-இல் ஜப்பானியராகிய இனாடாவும் இடோவும் நோயின் கிருமியைக் கண்டறிந்தபின், டெய்லரும் கோயலும் அந்தமானில் ஆராய்ச்சி நடத்தி, 1931-இல் 'அந்தமானில் லெப்டோஸ்பைரோசிஸ்' என்று தனி நூலே வெளியிட்டனர். ஆக, நூல் வெளிவந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், அதே தீவுகளில், அதே நோய் பெயரற்ற நோயாக வந்து நின்றது. காமாலையும் சிறுநீரகக் கோளாறுமே இந்நோயின் அடையாளம் என்று ஏட்டில் பயின்றவர்களுக்கு, கண் மஞ்சளாகாமலே நுரையீரலில் இரத்தங் கசியும் நோயாளியைக் கண்டபோது எலிக்காய்ச்சலின் நினைவு எழவில்லை. மத்திய அமெரிக்காவில் நிகராகுவா நாட்டிலும் 1995-இல் வெள்ளத்தின் பின் இதே மயக்கம் நேர்ந்தது. டிக்லிப்பூரில் நோய் கண்ட அதே 1993-இல், மதுரையில் பெருவெள்ளத்திற்குப் பின் இந்நோய் கண்ணின் உள்ளழற்சியாக வெளிப்பட்டதை அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையினர் கண்டறிந்தனர். வந்த இடந்தோறும் வேறு முகம் காட்டும் நோய் இது.

'இரத்தம் ஏன் கசிகிறது?' என்னும் கேள்வியை ஆய்வகத்தாருக்கு விட்டுவிடுவதே வழக்கமாக உள்ளது. களத்தில் உழைக்கும் ஊழியருக்கு மாத்திரையும் அளவும் தெரிந்தால் போதாதா, மூலக்கூறுகளின் கதை எதற்கு என்று கேட்போர் பலர். பள்ளி ஆசிரியர் சிலரும், இவை பட்டப் படிப்பிற்குரியவை என்று ஒதுக்கிவிடுகின்றனர். இக்கருத்து பொருந்தாது. எந்த நாளில் மாத்திரை கொடுக்க வேண்டும், எந்த நாளுக்குப் பின் அது மட்டும் போதாது என்பதை உணர்த்துவது அந்த மூலக்கூறுகளின் கதையே.

கிருமி செல்லும் வழியைச் சற்றுத் தொடர்ந்து பார்ப்போம். எலி, கால்நடை முதலியவற்றின் சிறுநீரகத்தில் தங்கும் லெப்டோஸ்பைரா, சிறுநீரோடு வெளிப்பட்டுத் தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் கலக்கிறது. நாற்று நடுவோரின் காற்சிராய்ப்பின் வழியாகவோ, கண், வாய் முதலியவற்றின் மென்சவ்வு வழியாகவோ உடலினுள் புகுகிறது. திருகாணி போல் சுருண்டு, முனையில் கொக்கி போல் வளைந்த உருவம் அதற்கு. கேள்விக்குறியை ஒத்திருத்தலால் 'இன்டெரோகன்ஸ்' என்று அதன் சிற்றினத்திற்குப் பெயர். இரத்தத்தில் கலந்தபின் அது சென்று முட்டும் முதற் சுவர் எது? இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலமே அது. நுண்குழாய்களில் அப்படலம் ஒரே ஓர் அடுக்கு. நுரையீரலின் காற்றறைகளிலோ, இரத்தத்திற்கும் காற்றிற்கும் இடையே உள்ள தடிப்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உடலில் வேறோர் இடத்தில் படலம் சற்று இளகினால் வீக்கம் காணும். நுரையீரலில் இளகினால் மூச்சுவிடும் அறையிலேயே நீரும் இரத்தமும் நிரம்பும்.

அப்படலத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்து நிறுத்துவது யாது என்னும் ஆராய்ச்சி கடற்பஞ்சிலிருந்து தொடங்கியது. 1907-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி எச். வி. வில்சன், கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்து, அதன் உயிரணுக்களைத் தனித்தனியே உதிர்த்தார். உதிர்ந்தவை நீரில் ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, மீண்டும் கடற்பஞ்சாயின. ஆனால், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பொருளின் பெயர் தெரிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி தாக்கெயிச்சி, கால்சியம் இருந்தாலன்றிப் பிடிக்காத புரதங்கள் சில உண்டு எனக் கண்டு அவற்றிற்குக் 'கேட்ஹெரின்' என்று பெயரிட்டார். இரத்தக் குழாய் உட்படலத்திற்கே உரிய கேட்ஹெரினை இத்தாலியில் எலிசபெத்தா தேஜானாவின் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து விளக்கினர். இக்கட்டுரையில் குழாய்க் கேட்ஹெரின் என்று அதனைக் குறிக்கலாம்.

இவ்வகைப் புரதங்களைத் தமிழில் 'ஒட்டு மூலக்கூறுகள்' என்று எழுதுகிறோம். சொல் தவறன்று, ஆயினும் கேட்போர் மனத்தில் அது பசையின் உருவத்தை எழுப்பிவிடுகிறது. பசைக்கு உணர்வில்லை, ஒட்டியபின் அதற்கு வேலையுமில்லை. கேட்ஹெரினோ அத்தகையதன்று. அதன் ஒரு பகுதி உயிரணுவின் புறத்தே நீண்டு, அண்டை உயிரணுவின் கேட்ஹெரினைப் பற்றுகிறது. இடைப்பகுதி உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. உட்பகுதி, கேட்டெனின் என்னும் துணைப் புரதங்களின் வழியாக, உயிரணுவின் எலும்புக்கூடு போன்ற நார்களோடு பிணைந்துள்ளது. ஆகவே அண்டையார் கைவிட்டால் உள்ளே அதிர்வு கேட்கும். உள்ளே இறுக்கம் மாறினால் வெளியே பிடி தளரும். பசை என்பதினும் கைகோப்பு என்பதே பொருளுக்கு நெருங்கியது.

இனி ஏற்பிகளுக்கு வருவோம். இரத்தத்தில் வரும் இரசாயனச் செய்திகளை வாங்கிக்கொள்ள உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்த புரதங்களே ஏற்பிகள். பூட்டும் சாவியும் என்னும் உவமையால் இதனை வகுப்பில் விளக்குவது வழக்கம். சாவி வந்தால் பூட்டுத் திறக்கும், வராவிட்டால் திறவாது. எளிய உவமைதான். ஆனால் அது பெரியதோர் உண்மையை மறைத்துவிடுகிறது. பூட்டு எத்தனை, எங்கே தொங்குகிறது, எவ்வளவு எளிதில் திறக்கும் என்பவையெல்லாம் என்றும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல; அவ்வுயிரணு தன் அண்டையாரைப் பற்றியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுபவை.

இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். புதுக் குழாய்களை வளர்ப்பது மட்டுமே அதன் வேலையன்று. 1983-இல் அது முதன்முதல் இனங்காணப்பட்டபோது, குழாய்களைக் கசியச் செய்யும் காரணி என்றே அதற்குப் பெயரிட்டனர். அதனை ஏற்பதற்கென்று குழாய் உயிரணுக்களின் மேல் உள்ள ஏற்பிகளுள் முதன்மையானது 'இரண்டாம் ஏற்பி' எனப்படும். உயிரணுக்கள் நெருங்கி, ஒன்றையொன்று பற்றி நிற்கும்போது, குழாய்க் கேட்ஹெரின் அந்த ஏற்பியைத் தன்னருகே சவ்விலேயே நிறுத்திவைத்து, அதன் விழிப்பைத் தணிக்கும் நொதியையும் அங்கே சேர்க்கிறது என்று தேஜானாவின் குழுவினர் 2003-இல் காட்டினர். கேட்ஹெரின் இல்லாவிடில் அதே ஏற்பி விரைவில் உயிரணுவினுள் இழுக்கப்படுகிறது; உள்ளே சென்ற பின்னும் அடங்காமல் செய்தியைத் தொடர்ந்து ஒலிக்கிறது என்பது 2006-ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு. இரயில் நிலையத்து நெரிசலில் தாயின் கையைப் பற்றிய குழந்தையும் கை நழுவிய குழந்தையும் ஒரே ஊதலைத்தான் கேட்கின்றன. முன்னது நிற்கிறது, பின்னது ஓடுகிறது.

ஏற்பிகளின் 'வெளிப்பாடு' என்று நூல்களில் ஒரு சொல் வருகிறது. அதற்குள் மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன. மரபணுவிலிருந்து எத்தனை ஏற்பிகள் ஆக்கப்படுகின்றன என்பது ஒன்று. ஆக்கப்பட்டவற்றுள் எத்தனை மேற்பரப்பில் நிற்கின்றன என்பது மற்றொன்று. நிற்பவை எவ்வளவு விழிப்பாக உள்ளன என்பது மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்துப் பாராமையால் மாணாக்கர்க்கு எவ்வளவோ குழப்பம். மேலே சொன்ன நிகழ்ச்சி பின்னிரண்டையும் சார்ந்தது. மரபணுவின் மட்டத்திலும் கைகோப்பு தலையிடுவதுண்டு. குழாய்க் கேட்ஹெரின்கள் கூட்டமாகப் பற்றியிருக்கும்போது, கிளாடின்-5 என்னும் மற்றோர் இணைப்புப் புரதத்தின் மரபணுவை அடக்கிவைக்கும் காரணிகள் விலக்கப்பட்டு, அப்புரதம் மிகுதியாக ஆக்கப்படுகிறது. இது 2008-இல் வெளியாயிற்று. ஒரு பிடி மற்றொரு பிடியை வளர்க்கிறது என்பது இதன் கருத்து. முதற் பிடி தளர்ந்தால் இரண்டாவதும் மெல்லத் தேயும்.

கைகோப்பு எப்போதும் ஏற்பியை அடக்கியே வைக்கும் என்றும் கொள்ளலாகாது. குழாய்க் கேட்ஹெரின் இல்லாத எலிக்கருக்களைப் பெல்ஜிய விஞ்ஞானி கார்மெலியட்டும் பிறரும் 1999-இல் ஆராய்ந்தனர். அக்கருக்களில் குழாய்கள் தோன்றத் தொடங்கியும் நிலைபெறவில்லை. ஒன்பதரை நாளில் கருக்கள் இறந்தன. வளர்ச்சிக் காரணி தரும் 'உயிரோடிரு' என்னும் செய்தி அவ்வுயிரணுக்களுக்கு எட்டவேயில்லை. ஆக, ஒரே ஏற்பி தரும் செய்திகளுள் 'பெருகு' என்பதை அடக்கவும் 'பிழைத்திரு' என்பதை எட்டச் செய்யவும் அதே கைகோப்பு வேண்டியிருக்கிறது. குழாய்களை அமைதியில் வைக்கும் வேறொரு காரணியின் ஏற்பித் தொகுதி ஒன்றுகூடுவதற்கும் குழாய்க் கேட்ஹெரின் துணைநிற்கிறது என்பதும் 2008-இல் தெரிந்தது. வேறு உறுப்புகளிலும் இவ்வுறவு காணப்படுகிறது: மார்பகப் புற்றின் உயிரணுக்களில், நரம்பு வகைக் கேட்ஹெரின் ஒரு வளர்ச்சி ஏற்பியை உள்ளிழுக்க விடாமல் மேற்பரப்பிலேயே காத்து, புற்றுப் பரவத் துணைசெய்வதாக 2002-இல் அறியப்பட்டது. நன்மை தீமை இரண்டிற்கும் அதே ஏற்பாடுதான்.

இனி, நுரையீரலில் கேட்ஹெரின் பிடியை அவிழ்த்தால் என்ன நேரும்? 1999-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் கிருமி எதனையும் புகுத்தாமலே இதனைச் சோதித்தனர். எலியின் குழாய்க் கேட்ஹெரினைப் பற்றி விலக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை ஊசி மூலம் எலிகளின் இரத்தத்தில் செலுத்தினர். சில மணி நேரத்தில் குழாய்கள் கசியத் தொடங்கின. கசிவு சிறப்பாகக் கண்ட உறுப்புகள் இதயமும் நுரையீரலும் ஆகும். நச்சில்லை, கிருமியில்லை, பிடி தளர்ந்தது ஒன்றே காரணம். டிக்லிப்பூரில் இரத்தம் கக்கியவர்களைக் கண்ட மருத்துவர் எவரும் இச்சோதனையைப் படித்தால் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவர்.

லெப்டோஸ்பைரா அந்தப் பிடியின்மேலேயே கைவைக்கிறது என்பதற்கும் சான்று கிடைத்துள்ளது. அமெரிக்காவில் ஜெனிஃபர் கோபர்னின் குழுவினர், இக்கிருமி கேட்ஹெரின்களைப் பற்றிக்கொள்கிறது, அவற்றுள்ளும் குழாய்க் கேட்ஹெரினை வலுவாகப் பற்றுகிறது என்று 2014-இல் அறிவித்தனர். கிருமியோடு சேர்த்து வளர்த்த மனிதக் குழாய் உயிரணுக்களில் இணைப்புகள் சிதைவதை 2017-இல் விரித்துக் காட்டினர். நோய் விளைக்காமல் நீரில் தன்பாட்டில் வாழும் லெப்டோஸ்பைரா வகைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று 'அந்தமானா' என்று இத்தீவுகளின் பெயரையே தாங்கியிருப்பது சுவையான செய்தி. அத்தகைய தீங்கற்ற இனம் உயிரணுக்களின் பிடியை இவ்வாறு குலைப்பதில்லை. நுரையீரல் இரத்தப்போக்கிற்கு வேறு விளக்கமும் கூறுவர்: உடலின் எதிர்ப்பொருள்களே காற்றறைச் சுவர்களில் படிந்து தீங்கு செய்கின்றன என்று விலங்குச் சோதனைகளைக் காட்டி வாதிப்போர் உளர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பிடி தளர்ந்து விழித்தெழுந்த உயிரணுக்களின்மேல் எதிர்ப்பொருள் படிவது, பாதி சாய்ந்த சுவரின்மேல் மழை பெய்வது போன்றது.

இனி ஆய்வகத்தை விட்டுத் தீவிற்குத் திரும்புவோம். வட அந்தமானில் செகலும் துணைவர்களும் நடத்திய ஒரு தடுப்பு மருந்துச் சோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 782 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும், மற்றதற்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தனர். இரு பிரிவிலும் தொற்று ஏறத்தாழ ஒரே அளவாகவே இருந்தது. ஆனால் நோயாக வெளிப்பட்டது, மருந்து கொண்டோரில் நூற்றுக்கு 3.11, கொள்ளாதோரில் 6.82. முதற்பாதியை மட்டும் படிப்போர் 'மருந்து தொற்றைத் தடுக்கவில்லை' என்று கைவிடுவர். அது அவசர முடிவு. கிருமி உடலில் நுழைவது ஒன்று. நுழைந்தபின் பெருகி நோய் விளைப்பது வேறொன்று. மருந்து முன்னதைத் தடுக்கவில்லை. பின்னதைப் பாதியாகக் குறைத்தது. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது. அந்தமானில் உழவுத் தொழிலாளருள் நூற்றுக்கு 62.5 பேரின் இரத்தத்தில் கிருமிக்கு எதிர்ப்பொருள் காணப்பட்டது. இடர்த் தொழில் செய்யாதாரிடையே 14.7 பேருக்குத்தான். பாதிக்கு மேற்பட்ட உழவர்களைக் கிருமி தீண்டியிருக்க, இரத்தங் கக்கியவர் சிலரே. கிருமி புகுவதற்கும் குழாயின் பிடி தளர்வதற்கும் இடையே ஒரு கால இடைவெளி உண்டு என்று கொள்வதே இவற்றோடு பொருந்துகிறது. சிகிச்சைக்கு இடம் தருவது அந்த இடைவெளிதான்.

அந்த இடைவெளியை நாம் எவ்வாறு செலவிடுகிறோம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பரிசோதனை முடிவு வந்தபின் சிகிச்சை என்னும் ஒழுங்கை விரும்புவோர் உண்டு. கிருமிக்கொல்லிகள் கண்டபடி வழங்கப்பட்டு வலிமை இழந்துவரும் இக்காலத்தில் அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் எலிக்காய்ச்சலுக்கு அவ்வொழுங்கு ஒவ்வாது. எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள், நோய் கண்டு ஏறக்குறைய ஒரு வாரம் ஆனபின்னரே நம்பத்தக்க விடை தரும். உரைகல் எனக் கருதப்படும் நுண் திரட்டுச் சோதனையோ, உயிருள்ள லெப்டோஸ்பைரா வகைகளைத் தொடர்ந்து வளர்த்துவரும் ஆய்வகத்தில் மட்டுமே நடைபெறக்கூடியது. டிக்லிப்பூரிலிருந்து, 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேருக்குச் சாலைவழி சுமார் 300 கிலோமீட்டர். மாதிரி அங்கே சென்று விடை திரும்புவதற்குள், விடை வேண்டிய நோயாளி ஒன்று குணமடைந்திருப்பார், அன்றேல் இருமத் தொடங்கியிருப்பார். இரத்தம் எடுத்து அனுப்புவது அவசியம். அது நோய்ப் பரவலை அறியவும் அடுத்த ஆண்டிற்கு ஆயத்தமாகவும் பயன்படும். மருந்தை அதற்காகக் காக்க வைப்பது மட்டும் கூடாது.

மழைக்காலத்தில் வயலிலோ சாக்கடையிலோ கால்நடைக் கொட்டிலிலோ வேலை செய்தவர், திடீர்க் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் கண் சிவந்தும் வந்தால், மலேரியாவிற்கு இரத்தம் பார்க்கும் அதே வேளையில் எலிக்காய்ச்சலையும் எண்ணி, மருத்துவ அதிகாரியின் அறிவுரைப்படி முதல் நாட்களிலேயே மருந்து தொடங்க வேண்டும். வயது வந்தோர்க்கு இலேசான நோயில் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளைக்கு இருமுறை, ஏழு நாட்கள் என்பது வழக்கிலுள்ள முறை. கருவுற்ற தாய்மார்க்கும் சிறு குழந்தைகட்கும் அது பொருந்தாது, அமாக்சிசிலின் கொடுப்பர். மூச்சு விரைதல், இருமலில் இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மாத்திரையோடு வீட்டில் நிறுத்தாது மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். அந்நிலையில் பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி கிருமியைக் கொல்லும். ஆயின் கிருமி இறந்தவுடன் குழாய்களின் பிடி மீண்டும் சேர்ந்துவிடுவதில்லை. சிதைந்த இணைப்பைப் புதுக்க உயிரணுவிற்குப் பொழுது வேண்டும். அதுவரை மூச்சைத் தாங்கி நிற்க ஆக்சிஜனும், வேண்டுமாயின் செயற்கை சுவாசமும் வேண்டும். தீவின் கோடியில் உள்ள சிறு மருத்துவமனைகளில் இவை எளிதில் கிட்டுமா என்பது நிருவாகத்தார் எண்ணவேண்டியது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கையின் சீவலை உருப்பெருக்கியில் நோக்கி, வெற்றறைகளைக் கண்டு, அறை என்னும் பொருளில் 'செல்' என்று பெயரிட்டார். அவர் கண்டவை இறந்துபோன உயிரணுக்களின் சுவர்களே. அன்று தொடங்கிய தனியறைக் காட்சி இன்றும் நம் பாடநூல்களை விட்டு நீங்கவில்லை. நாம் இட்ட 'உயிரணு' என்னும் பெயரும், தன்னந்தனியே நிற்கும் துகள் என்னும் எண்ணத்தையே ஊட்டுகிறது. பலகையில் ஒரு வட்டம், நடுவே உட்கரு, சுற்றிலும் சில புள்ளிகள், படம் முடிந்தது. அண்டை உயிரணு எங்கே என்று எந்த மாணவனும் கேட்பதில்லை, கேட்க இடமும் இல்லை. உடலில் தனித்து மிதக்கும் இரத்த உயிரணுக்கள் போன்றவை சிலவே. மற்றவை யாவும் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டே வாழ்கின்றன. பற்றியது எது என்பதைப் பொறுத்தே அவை செய்திகளைக் கேட்கின்றன என்பதை எட்டாம் வகுப்பு மாணவனுக்குச் சொல்லலாம். மூலக்கூறுகளின் பெயர்கள் வேண்டுவதில்லை. ஒரு வட்டத்திற்குப் பதில் மூன்று வட்டங்களை அடுத்தடுத்து வரைந்து, இடையே கொக்கிகள் இட்டு, ஒரு கொக்கி அவிழ்ந்தால் இடைவெளியில் என்ன ஒழுகும் என்று கேட்டாலே போதும். அந்தமானில் பயிலும் மாணவர் பலருடைய வீட்டார் வயலில் கால் வைப்பவர்கள். தந்தையின் காய்ச்சலை நாலாம் நாள்வரை தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அம்மூன்று வட்டங்களே காரணம் சொல்லும்.

களப்பதிவேட்டில் செய்யவேண்டிய திருத்தம் ஒன்றுண்டு. நோயாளி நிலையத்திற்கு வந்த தேதியை எழுதுவதோடு பல பதிவேடுகள் நின்றுவிடுகின்றன. வந்த தேதி ஊழியரின் நாள். குழாய்ச் சுவரின் நாள் காய்ச்சல் தொடங்கிய பொழுதிலிருந்தே எண்ணப்படுகிறது. 'காய்ச்சல் கண்ட முதல் நாள்', 'மருந்து தொடங்கிய நாள்' என்று இரண்டு பத்திகளை அடுத்தடுத்துக் கோடிட்டு வைத்தால், இடையே கழிந்த நாட்கள் எத்தனை என்பது மழைக்கால முடிவில் ஒரு பார்வையிலேயே தெரியும். முதல் நாளை நோயாளி தேதியாகச் சொல்லமாட்டார். சந்தை கூடிய நாளா, நாற்றுப் பறித்த நாளா, மழை விட்ட மறுநாளா என்று கேட்டுத்தான் பெறவேண்டும். அதற்கு நிமிடம் இரண்டு கூடுதலாகும்.